ஓமியோபதித் துளிகளும் பயிரின் பங்கசு நோயும்

நெல்லின் எரிபந்தத்துக்கும் தக்காளியின் அழுகலுக்கும் ஓமியோபதித் துளிகளைத் தெளித்தாற் போதும் என்று கூறுவோர் உளர். "ஆய்வுகூடத்திலே நிரூபிக்கப்பட்டது" என்றும் அவர்கள் சொல்வதுண்டு. அந்த நிரூபணம் எத்தகையது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

ஆய்வுகூடத்திலே ஏகார் என்னும் கடற்பாசிக் கூழுடன் மருந்தைக் கலந்து, கண்ணாடித் தட்டில் உறையவிட்டு, அதன்மேற் பங்கசை வளர்ப்பர். மருந்திடாத தட்டிலும் பார்க்க மருந்திட்ட தட்டிற் பங்கசு குறைவாகப் பரவினால், மருந்து அதனைத் தடுத்தது என்பர். இந்தியாவிலே கன்னா, சந்திரா என்னும் ஆராய்ச்சியாளர், ஓமியோபதி மருந்துகள் தக்காளிப் பழ அழுகலைக் கட்டுப்படுத்தின என 1976ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

இத்தகைய சோதனைகளில் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஓமியோபதித் துளிகள் பெரும்பாலும் மதுசாரத்திலே தயாரிக்கப்படுவன. மதுசாரம் தானே பங்கசு வித்திகள் முளைப்பதைத் தடுக்கவல்லது. ஆதலால் மருந்து சேராத மதுசாரத்தை அதே அளவில் மூன்றாவது தட்டில் இட்டு ஒப்பிடல் வேண்டும். அங்கும் பங்கசு அவ்வளவே குறைந்தால், அப்பயன் மருந்தினுடையதன்று. மேலும், நூறு மடங்காக 12 முறைக்கு மேல் ஐதாக்கிய துளியில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுதல் அரிது.

பயிர்நோய்கள் பற்றிய இவ்வகைக் கட்டுரைகள் 44ஐ 2009ஆம் ஆண்டில் ஒரு மீளாய்வு தொகுத்து நோக்கியது. அவற்றுள் புள்ளிவிபரக் கணிப்புடையவை 19 மாத்திரமே. தட்டிலே கண்ட பயன் மழையும் பனியும் வெயிலும் உள்ள வயலிலே கிட்டும் என்பதும் நிச்சயமன்று.

எரிபந்தம் கதிர்க்கழுத்தைப் பற்றினால் கதிர் வெளிறிப் பதராகும். அதன்பின் எம்மருந்தும் அக்கதிரை மீட்காது. பயனற்ற மருந்தை நம்பிக் கழித்த நாட்களை விளைச்சலிலே இழக்க நேரும். ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. எரிபந்தத்தைத் தாங்கும் இனங்களையும் நோயற்ற விதைநெல்லையும் தெரிந்து விதைக்குக.

2. யூரியாவை ஒரே முறையில் மிகையாக இடாது, சிபார்சு செய்த அளவிற் பிரித்து இடுக. வயல் நீரின்றிக் காய விடற்க.

3. இருமுனையும் கூரியதாய், நடுவே சாம்பல் நிறமும் ஓரத்திற் கபில நிறமும் கொண்ட புள்ளிகள் இலையிற் கண்டால், யூரியா இடுவதை நிறுத்தி, அவ்விலையை உடனே விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.

4. துளிகளைச் சோதிக்க விரும்புவோர் மூன்று சிறு பாத்திகளில் மட்டுமே சோதிக்க: ஒன்றுக்கு வெறும் நீர், ஒன்றுக்கு மதுசாரம் கலந்த நீர், ஒன்றுக்குத் துளி கலந்த நீர். ஏனைய வயலுக்குரிய பாதுகாப்பை ஒருநாளேனும் தாமதிக்கலாகாது.

எம்மருந்தாயினும், அதனை இடாத பாத்தியோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நம்புக.