உங்களுக்குத் தெரியுமா? இரும்பு படித்தவருக்கு அடுப்படியில் என்ன வேலை?

மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் என்றால் எஃகு ஆலை, ஃபுட் டெக் என்றால் பிஸ்கட் கம்பெனி. கலந்தாய்வு நேரத்தில் வீடுகளில் நடக்கும் பட்டிமன்றம் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள்.

★ கோக்கோ வெண்ணெய் ஆறு விதப் படிகங்களாக உறையக்கூடியது. நல்ல சாக்லேட்டின் பளபளப்பும், உடைக்கும்போது வரும் ‘டக்’ சத்தமும் ஐந்தாவது வகைப் படிகத்தின் உபயம். அது உருகுவது ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில். நம் வாயின் சூடு 37. அதனால்தான் காகிதத்துக்குள் கெட்டியாக இருப்பது நாக்கில் கரைகிறது. உருக்கி, ஆறவிட்டு, திரும்ப லேசாகச் சூடேற்றி அந்த ஒரு படிகத்தை மட்டும் வளரவிடுவதில்தான் தயாரிப்பாளரின் சாமர்த்தியம். வெப்பத்தை ஏற்றி இறக்கி உள்ளமைப்பை மாற்றும் இந்த வித்தை எஃகு ஆலைக்கும் புதிதல்ல. மே மாத வெயிலில் இளகி, ஃபிரிட்ஜில் திரும்ப உறைந்த சாக்லேட்டின் மேல் வெள்ளையாகப் படர்கிறதே, அது பூஞ்சை இல்லை. கொழுப்பு வேறு படிகமாக உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். தாராளமாகச் சாப்பிடலாம்.

★ மொறுமொறுப்பான பிஸ்கட், அறிவியல் கணக்கில் ஒரு கண்ணாடி! அதன் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் அப்படியே இறுகிப்போனவை. காற்றில் உள்ள ஈரம் நுழைந்ததும் அவற்றுக்கு அசைய இடம் கிடைக்கிறது. கண்ணாடி நிலை போய் ரப்பர் நிலை வருகிறது. இதைத்தான் நாம் நமத்துப்போச்சு என்கிறோம். பிளாஸ்டிக் ஆய்வில் பழகிய இந்தக் கணக்கை 1980களில் உணவுக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகள் லூயிஸ் ஸ்லேடும் ஹாரி லெவினும்.

★ பிரிட்டனின் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்தவர். அரசியலுக்கு முன் முதல் வேலை ஒரு பிளாஸ்டிக் நிறுவனத்தில். அடுத்த வேலை ஜே. லயன்ஸ் என்ற உணவு நிறுவனத்தில். சாஃப்டி ஐஸ்கிரீமைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது.

★ பழத்தைக் காக்கத் துருப்பிடிக்காத எஃகிலிருந்து யோசனை எடுத்தவர் ஜேம்ஸ் ராஜர்ஸ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் பொருளறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆய்வுப் பொருள், பெயின்ட் போலப் பூசக்கூடிய சூரிய மின்தகடு. காரில் போகும்போது உலகப் பசியைப் பற்றிய வானொலி நிகழ்ச்சி ஒன்று காதில் விழுந்தது. விளைவதில் கணிசமான பங்கு தட்டுக்கு வரும் முன்பே அழுகிவிடுகிறது என்ற விஷயம் அவரை உறுத்தியது. பழம் கெடுவதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள்: உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது, வெளியிலிருந்து ஆக்சிஜன் நுழைகிறது. இரும்பு துருப்பிடிப்பதும் ஆக்சிஜனால்தானே? எஃகில் குரோமியம் சேர்த்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகி உள்ளே இருப்பதைக் காக்கிறது. பழத்துக்கும் அப்படி ஒரு படலம் போட்டால் என்ன? 2012இல் ‘அபீல்’ நிறுவனம் பிறந்தது. பூசப்படுவது தாவர எண்ணெய்களில் இருந்து கிடைக்கும் மோனோகிளிசரைடு, டைகிளிசரைடு வகையறா. ஆப்பிள் மெழுகைச் சுரண்டிப் பார்த்துப் பழகிய நமக்குச் சந்தேகம் வருவது இயல்பு. எதைப் பூசினாலும் பெட்டியில் எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி.

★ சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. வழியில் கெட்டால் மாற்று கிடையாது. அதனால் அங்கே உணவு ஆராய்ச்சிக்குத் தனி மவுசு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஹார்வர்டும் சேர்ந்து மக்காச்சோளப் புரதத்தில் ஓர் உறை செய்தன. ஓம வாசனை வீசும் தைம் எண்ணெயும் சிட்ரிக் அமிலமும் அதன் இழைகளுக்குள் இருக்கும். ஈரமோ கிருமியின் நொதியோ பட்டால்தான் மருந்து வெளியே வரும். வழக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் 4 நாளில் பூஞ்சை பிடித்த ஸ்ட்ராபெர்ரி, இதில் 7 நாள் தாங்கியது. டுரியான் பழத்தின் முள் தோலிலிருந்து செல்லுலோஸ் எடுத்துக் காயத்துக்கான கட்டு தயாரித்ததும் நன்யாங்தான். குப்பைக்குப் போகிற தோலை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், பலே!

★ 2019 லண்டன் மாரத்தானில் ஓடியவர்களுக்குக் கடற்பாசி உறைக்குள் பானம் கொடுத்தார்கள். அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம். லண்டனில் படித்த இருவர் தங்கள் சமையலறையில் செய்து பார்த்த சோதனை இப்போது ‘நாட்பிளா’ நிறுவனம்.

★ ‘மக்கும்’ என்று அச்சிட்ட கண்ணாடி போன்ற டம்ளரைத் தோட்டத்தில் புதைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது பெரும்பாலும் மக்காச்சோள மாவிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலம். சுமார் 60 டிகிரிக்குக் கீழே அதுவும் பிஸ்கட் மாதிரி இறுகிய கண்ணாடி நிலையில்தான் இருக்கும், எளிதில் சிதையாது. அந்தச் சூடு நீடிப்பது பெரிய உரக்கூடங்களில் மட்டும். கொதிக்கும் காபியை ஊற்றினால் டம்ளர் குழைவதும் இதே காரணத்தால். பசுமை முத்திரைக்குப் பின்னால் உள்ள இந்த வெப்பநிலைக் கணக்கு தெரிந்தவர் கொள்முதல் மேசையில் இருந்தால் எவ்வளவோ பணம் மிச்சமாகும்.

★ சிப்ஸ் பாக்கெட்டின் உள்ளே மின்னும் அலுமினியம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஈரத்தையும் ஆக்சிஜனையும் தடுக்க அது போதும். ஆனால் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்ட அதைப் பிரித்தெடுக்க வழி சுலபமில்லை. பழைய பேப்பர்காரர் அதை வாங்காததற்குக் காரணம் இதுதான்.

★ தஞ்சாவூரின் ‘நிஃப்டெம்’ நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது. இன்று அங்கே உணவை முப்பரிமாணத்தில் அச்சிடுகிறார்கள். முறுக்கு அச்சைக் கணினி ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் மாவில்தான்: அழுத்தும்போது முனை வழியே இளகி வர வேண்டும், விழுந்த கணமே வடிவம் கலையாமல் நிற்க வேண்டும். மாவின் இந்தக் குணத்தை அளக்கப் பயன்படும் ரியோமீட்டர், பெயின்ட் ஆய்வகத்திலும் பிளாஸ்டிக் ஆய்வகத்திலும் இருக்கிற அதே கருவி.