தரை இருந்தது, திடீரென்று காணவில்லை!

2015-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, வியாழக்கிழமை. காலை மணி 10-30. சுவிட்சர்லாந்து நாட்டின் தேசியப் பாங்கி ஒரு சிறு அறிவிப்பை வெளியிட்டது. சில நிமிடங்களுக்குள் பல நாடுகளில் பலர் பணத்தைப் பறிகொடுத்தார்கள்!

அப்படி என்ன அறிவிப்பு அது?

மெழுகுவர்த்திப் படம்

தங்கத்தையும், டாலர், யூரோ போன்ற நாணயங்களையும் வாங்கி விற்று லாபம் தேடுகிறவர்கள் உண்டு. நாளை விலை ஏறுமா, இறங்குமா? இதைக் கணிக்க அவர்களில் பலர் பழைய விலைகளைப் படமாக வரைந்து பார்க்கிறார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு மெழுகுவர்த்தி. இது ஜப்பானில் இருந்து வந்த முறை. தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் நடுவே வர்த்தியின் உடம்பு. மேலும் கீழும் நீளும் திரி, அன்றைய அதிக விலையையும் குறைந்த விலையையும் காட்டும்.

விலை இறங்கும்போது எல்லாம் ஒரே இடத்தில் நின்று, மீண்டும் ஏறுகிறதா? அந்த இடம்தான் "தரை". தரையைத் தொட்டதும் வாங்கு என்பது இவர்கள் படிக்கும் பாடம்.

பாங்கி போட்ட தரை

சுவிஸ் நாணயத்தின் பெயர் பிராங்க். அதன் மதிப்பு அதிகமாக ஏறினால், அந்த நாட்டுக் கடிகாரங்களை வெளிநாட்டார் வாங்கத் தயங்குவார்கள். ஆகவே, "ஒரு யூரோவின் விலையை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம்" என்று 2011 செப்டம்பர் 6-ந் தேதி பாங்கி அறிவித்தது. யூரோ இறங்க முயன்றபோது எல்லாம், பாங்கியே அதை வாங்கிக் குவித்தது.

மூன்று ஆண்டுக்கு மேல் ஓடியது. படத்தில் தரை பலமாகத் தெரிந்தது. பலர் நம்பி வாங்கினார்கள்.

ஆனால் யூரோ மெலிந்துகொண்டே வந்தது. இனியும் வாங்கிக்கொண்டிருக்க முடியாது என்று பாங்கி கையை விரித்தது. அதுதான் அந்த அறிவிப்பு!

முதலும் போய், கடனும் வந்தது

யூரோ 1 பிராங்குக்கும் கீழே சரிந்தது. 1,000 யூரோ முன்பணம் கட்டி, நூறு மடங்குக்கு வாங்கிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் கையில் 1 லட்சம் யூரோ. 1.20-க்கு வாங்கியதை 1 பிராங்குக்கு விற்றால் நஷ்டம் 20,000 பிராங்க். கட்டியதோ 1,200 பிராங்க்தான்!

"1.19-க்கு வந்தால் விற்றுவிடு" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களும் தப்பவில்லை. அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை. அமெரிக்காவின் எப்.எக்ஸ்.சி.எம். கம்பெனிக்கு வாடிக்கைக்காரர்கள் வைத்த பாக்கி சுமார் 22½ கோடி டாலர். அது 30 கோடி டாலர் கடன் வாங்கிப் பிழைத்தது.

தங்கமும் அப்படியே

1999 செப்டம்பர் 26-ந் தேதி, ஐரோப்பாவின் 15 மத்தியப் பாங்கிகள் தங்கம் விற்பதற்கு வரம்பு கட்டின. அதுவரை ஓர் அவுன்சு 270 டாலருக்கும் குறைவு. இரண்டே வாரத்துக்குள் 320 டாலரைத் தாண்டியது! விலை இறங்கும் என்று நம்பியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

படம் பொய் சொல்லவில்லை. நேற்று வரை நடந்ததை ஒழுங்காகக் காட்டியது. நாளை காலை ஒரு பாங்கியின் அறையில் என்ன முடிவு செய்வார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

படத்தைப் பாருங்கள், தவறு இல்லை. வீட்டுச் செலவுப் பணத்தையும் கடன் பணத்தையும் மட்டும் அதை நம்பிப் போட்டுவிடாதீர்கள்!