வௌவாலின் செவியும் வெடிச் சத்தமும்

மாலையில் விருதுநகர் வட்டாரப் பாழ்கிணறுகளிலிருந்து கிளம்பும் சிறு வௌவால்கள், நமக்குக் கேட்காத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு பூச்சி பிடிக்கின்றன. அந்த ஒலி மிகப் பலமானது. அது தன் செவியையே தாக்காதிருக்க, ஒலி எழுப்பும் முன்பே நடுச்செவியின் அங்கவடி எலும்பை ஒரு சிறு தசை இழுத்துப் பிடிக்கிறது; எதிரொலி வருமுன் விட்டுவிடுகிறது.

அதே தசை நமக்கும் உண்டு. ஆனால் வெளியிலிருந்து வரும் பெருஞ்சத்தத்துக்கு, அதைக் கேட்ட பிறகே சுருங்கும். அதற்குள் வெடியோசை உட்செவியை எட்டிவிடும். அங்குள்ள மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிக்குச் சட்டத்தில் தடை உண்டு. அதற்குட்பட்ட வெடியும் நெருங்கி நின்றால் கெடுதியே. சிவகாசிப் பகுதியில் வெடி சோதிக்கும் சகோதரர்கள் முன்கூட்டியே காதை அடைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவோம். செவி அல்லாஹ் தந்த அமானிதம்.