தகட்டை வெட்டும் முன்பே மடித்துக் காட்டும் கம்ப்யூட்டர்!

உங்கள் வீட்டில் இரும்பு பீரோ இருந்தால், அதன் கதவைத் திறந்து ஓரத்தைப் பாருங்கள். தகடு உள்பக்கமாக மடிக்கப்பட்டு இருக்கும். இந்த மடித்த விளிம்புக்கு "பிளேஞ்ச்" என்று பெயர்.

ஏன் மடிக்கிறார்கள்?

நீளமான ஒரு காகிதத்தை நுனியில் பிடியுங்கள். அது தொங்கிவிடும். இரண்டு ஓரங்களையும் மடித்துவிட்டுப் பிடியுங்கள். விறைப்பாக நீட்டி நிற்கும்! தகடும் அப்படித்தான். மெல்லிய தகட்டுக்குப் பலம் கொடுப்பது மடிப்புதான்.

எவ்வளவு வெட்டுவது?

சிக்கல் இங்கேதான். "ட" என்ற எழுத்தைப் போல ஒரு தகடு வேண்டும். வெளிப்புறமாக அளந்தால் ஒரு பக்கம் 50 மில்லி மீட்டர், மறு பக்கம் 30 மில்லி மீட்டர். தகட்டின் கனம் 2 மில்லி மீட்டர். வளைவின் உள் ஆரமும் 2 மில்லி மீட்டர்.

ஐம்பதும் முப்பதும் எண்பது என்று வெட்டினால் பிசகிவிடும்! வளையும் இடத்தில் தகட்டின் வெளிப்புறம் நீளும். உட்புறம் சுருங்கும். நடுவில் ஓர் அடுக்கு மட்டும் நீளாது, சுருங்காது. அதன் நீளம்தான் சரியான கணக்கு.

அந்த அடுக்கு உட்புறத்தில் இருந்து எத்தனை பங்கு கனத்தில் இருக்கிறது? அதைச் சொல்லும் எண்ணே "கே பேக்டர்". பெரும்பாலும் அது 0.3க்கும் 0.5க்கும் இடையில் இருக்கும். 0.44 என்று வைத்துக்கொண்டால், வெட்ட வேண்டிய நீளம் சுமார் 76.5 மில்லி மீட்டர். எண்பது வெட்டினால் 3.5 மில்லி மீட்டர் அதிகம்! பிறகு திருகுத் துளைகள் நேராக வராது. கதவு சரியாக மூடாது.

திரையில் நடப்பது என்ன?

இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் நொடியில் போடுகிறது. முதலில் கனம், ஆரம், கே பேக்டர் மூன்றையும் கொடுக்க வேண்டும். அடுத்து ஒரு தட்டைத் தகட்டை வரைய வேண்டும். அதன் ஓரத்தைத் தேர்ந்தெடுத்து, உயரத்தையும் கோணத்தையும் சொன்னால் போதும். பிளேஞ்ச் எழுந்து நிற்கும்! இரு மடிப்புகள் சந்திக்கும் மூலையில் தகடு கிழியாமல் இருக்க, சிறு வெட்டும் போட்டுக் கொடுக்கும்.

பிறகு "விரி" என்று கட்டளை இட்டால், பெட்டி பிரிந்து தட்டையாகிவிடும். அந்தப் படத்தின்படி லேசர் எந்திரம் தகட்டை வெட்டும். சாலிட்வொர்க்ஸ் போன்ற விலை உயர்ந்த மென்பொருளில் இந்த வசதி உண்டு. இலவசமாகக் கிடைக்கும் பிரீகேடிலும், ஒரு துணைப் பகுதியைச் சேர்த்துக்கொண்டால் இதைச் செய்யலாம்.

தகடுதான் ஆசிரியர்!

ஆனால் கம்ப்யூட்டர் தகட்டைத் தொட்டுப் பார்த்தது இல்லை. இரும்பு ஒரு விதம், அலுமினியம் ஒரு விதம், எவர்சில்வர் வேறு விதம். மடிக்கும் அச்சை மாற்றினாலும் எண் மாறும். ஆகவே, அளந்து வெட்டிய சிறு துண்டு ஒன்றை முதலில் மடித்து, இரு பக்கங்களையும் அளக்க வேண்டும். அதில் இருந்து சரியான கே பேக்டரைக் கணக்கிட்டு, கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு துண்டுத் தகடு செலவாகும். நூறு தகடுகள் வீணாகாமல் தப்பும்!