99 டொலர் பொருளுக்கு 233 டொலர் செலவு

‘குரோத் ஹெக்கிங்’ என்பது பழைய சந்தைப்படுத்தலின் புதுப் பெயர்தானே என்று வியாபார நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பெயர் 2010இல் ஷோன் எல்லிஸ் சூட்டியது. அவர் முன்னர் பணியாற்றிய ட்ரொப்பொக்ஸ் நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். கூகுள் விளம்பரத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 முதல் 388 டொலர் வரை செலவானது. விற்ற சேவையோ வருடத்துக்கு 99 டொலர்! பின்னர், நண்பரைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் இலவசச் சேமிப்பிடம் என்றார்கள். பதிவுகள் 60 வீதம் கூடின.

ஆள் கூட்டி வருபவருக்குக் கழிவு கொடுப்பது நம்மவருக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே ஒவ்வொரு அழைப்பும் எண்ணப்பட்டது; சலுகையும் பண்டத்துக்குள்ளேயே இருந்தது. மேலதிக இடம் கொடுக்க அவர்களுக்குச் சொற்பச் செலவுதான். ஒரு கிலோ அரிசியை இனாமாகக் கொடுக்கும் கடைக்காரருக்கோ அது முழுச் செலவு. எனவே இதைப் பின்பற்ற முன், ஒரு புதிய வாடிக்கையாளர் உங்களுக்கு என்ன விலைக்கு வருகிறார் என்று கொப்பியில் எழுதிப் பாருங்கள்.