சுத்தம் கூடினால் வரும் கோழை

கடல்நீர்த் தொட்டியின் மணல்மேல் ஏதோ ஒரு படலம் பரவியதும் பலர் கை மருந்துப் புட்டிக்குத்தான் போகிறது. போகக் கூடாது. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் இந்தப் படலங்களை உண்டாக்குபவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத உயிர்கள். ஒன்றை அடக்கும் வைத்தியம் இன்னொன்றுக்கு விருந்தாகிவிடும்.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் படியும் பழுப்புத் தூள் டயாட்டம். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர் அது. தண்ணீரில் சிலிக்கா தீர்ந்ததும் தானே அடங்கிவிடும். போர் தண்ணீரில் உப்பைக் கரைப்பவர்களுக்கு மட்டும் அடங்காது. ஒவ்வொரு முறை நீர் மாற்றும்போதும் அதற்குத் தீனி போய்ச் சேர்கிறது.

செந்நிறத்தில் வழவழப்பாகப் படர்ந்து, ஓரத்தைக் கிள்ளினால் முழுத் தாளாக உரிந்து வருவது சயனோபாக்டீரியா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜனைச் சேர்த்த பரம்பரை இது. பாக்டீரியா என்பதால் எரித்ரோமைசின் போட்டால் சாகும்தான். ஆனால் அம்மோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாவும் அடிபடக்கூடும். செத்த படலம் அழுகும்போது நீரின் ஆக்சிஜன் சரிந்து மீன்கள் மூச்சுத் திணறும். நீரோட்டம் எட்டாத மூலையில்தான் இது அதிகம் படர்கிறது. அந்த மூலைக்குப் பம்பைத் திருப்பி, படலத்தைக் குழாயால் உறிஞ்சியெடுத்து, தீனியைக் குறைப்பதே என் முதல் சிபாரிசு.

பச்சை நார்ப்பாசிக்குத் தேவை மேய்ச்சல். 1983-ல் பனாமா அருகே தொடங்கிய ஒரு நோய், கரீபியக் கடலில் பாசி மேயும் நீள்முள் கடல் முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கொன்றது. ஜமைக்காவில் அதற்கு முன்பே மிகை மீன்பிடிப்பால் பாசி மேயும் மீன்கள் குறைந்திருந்தன. 1980-ல் ஆலன் புயல் பவளத்தை நொறுக்கியிருந்தது. முள்ளெலியும் போனதும் பாசி எழும்பியது. 1970-களின் இறுதியில் ஏறக்குறைய பாதிப் பரப்பை மூடியிருந்த பவளம், 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போயிற்று. டர்போ நத்தையும் முள்ளெலியும் இல்லாத தொட்டிக்கும் இதே கதிதான். நார்களைக் கையால் பிடுங்கிவிட்டு நத்தைகளை இறக்குங்கள்; நீண்டு வளர்ந்த நாரை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை.

எல்லாவற்றிலும் கொடியது டைனோஃபிளாஜெல்லேட், சுருக்கமாக டைனோ. மூக்குச் சளி போன்ற பழுப்பு இழைகள், அவற்றின் நுனியில் காற்றுக் குமிழிகள். பகலில் தடிக்கும், விளக்கணைத்தால் மெலியும். இதன் சில இனங்களைத் தின்ற நத்தைகள் செத்து விழும். 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோ பெருகியபோது, கடற்காற்றைச் சுவாசித்தே சுமார் 200 பேர் காய்ச்சல், இருமலோடு மருத்துவ உதவி நாடினார்கள். பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு போடும் பாசியும் டைனோ குடும்பமே என்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

இந்த டைனோக் கோழை அழுக்குத் தொட்டியைவிட அதிசுத்தமான தொட்டியைத்தான் அதிகம் தேடி வருகிறது. கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மர், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள் எல்லாம் சேர்த்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டால், போட்டிக்கு நிற்கும் பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒடுங்கும். காலியான இடம் டைனோவுக்குக் கிடைக்கும். பதறிப்போய் இன்னும் சுத்தம் செய்தால் இன்னும் வளரும்.

ஆகவே முதலில் உறுதிப்படுத்துங்கள். கோழையைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு கண்ணாடிக் குடுவையில் குலுக்கி, மெல்லிய தாளில் வடிகட்டி, வடிந்த நீரை வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் இழைகள் திரும்பக் கூடினால் டைனோ என்று சந்தேகிக்கலாம். மலிவான நுண்ணோக்கியே போதும், நீந்தும் செல்களைக் கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொள்ள.

பிறகு உறிஞ்சும் மணிகளை எடுத்துவிட்டு, நைட்ரேட்டை லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 மில்லிகிராம் அளவுக்கு மெல்ல ஏற்றி அங்கேயே நிறுத்த வேண்டும். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டு நீரில் மிதப்பதால் புறஊதா விளக்குக் குழாயில் சிக்கும். மணலைவிட்டு அதிகம் வெளியேறாத ஆம்ஃபிடினியம் என்ற இன்னொரு டைனோவுக்கு எதிராக அந்த விளக்கால் பயனில்லை. அங்கே சிலிக்கேட் சேர்த்து டயாட்டத்தை வளர்த்து, அதைக் கொண்டே இடத்தைப் பிடிக்க வைக்கிறார்கள். மூன்று நாள் இருட்டடிப்பு இழைகளைக் குறைக்கும். அது மட்டும் செய்தால் திரும்பி வரும்.

இதற்கு வாரக் கணக்கில் பொறுமை வேண்டும். அதுவரை டைனோவின் நச்சை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பனை வைத்து அடிக்கடி மாற்றுங்கள், கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கைவிடாதீர்கள், குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கவே இறக்காதீர்கள்.