வீட்டுக்குள் வந்துவிட்ட வேப்: கழுவுவதும் காப்பதும் எப்படி?

ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் வீட்டுக் குசினி மேசையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதற்குள் வெளிர்ந்த பழுப்பு நிறத்தில் தண்ணீர். பேத்திக்கு இரண்டரை வயது. கதிரையில் ஏறி அந்தக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டாள். மாமி ஓடிப்போய்ப் பறித்ததில் தண்ணீர் நிலத்தில் கொட்டியது. கூடவே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயும் இரண்டு இறப்பர் வளையங்களும் விழுந்தன.

அது தேத்தண்ணி இல்லை. மாமா தன்னுடைய இலத்திரனியல் சிகரெட்டின் தாங்கியைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முழுவதும் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மாமாவைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. முப்பது வருடத்துக்கு மேல் சிகரெட் பிடித்த மனிதர். இருதயத்தில் வருத்தம் வந்த பிறகு மருத்துவர் சொன்னதைக் கேட்டு விட்டவர். விடுவதற்குத் துணையாகத்தான் இந்தக் கருவியை வாங்கினார். அதைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டுமென்று நினைத்ததும் நல்ல நினைப்புத்தான். எப்படிச் செய்வதென்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கக் கூச்சப்பட்டார். எங்களுடைய வீட்டைப்போல எத்தனையோ வீடுகள் இருக்கும் என்பதால், பிறகு நாங்கள் தேடிப் படித்தும் செய்து பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஏன் இப்போது இந்தக் கதை?

முன்பு பலர் பாவித்தது ஒருமுறை பாவித்து எறியும் வேப். முடிந்தவுடன் குப்பைக்குப் போய்விடும். கழுவும் வேலை இல்லை. பெல்ஜியம் 2025 ஜனவரி 1 முதல் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. அடுத்த மாதம் பிரான்ஸ் தடை செய்தது. பிரித்தானியாவில் 2025 யூன் 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. இப்போது பிரித்தானியக் கடைகளில் சட்டப்படி விற்கக்கூடியவை, பற்றரியைத் திரும்ப ஏற்றவும் திரவத்தைத் திரும்ப நிரப்பவும் கூடிய கருவிகளே. ஆகவே வீட்டில் வைத்துப் பராமரிக்க வேண்டிய பொருளாக இது மாறிவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிகரெட் பிடிக்காதவர் வேப்பைத் தொடங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். சிகரெட்டை விட்டுவிட இதைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு, புகைப்பதைவிடத் தீங்கு குறைவு, ஆனால் தீங்கே இல்லாதது அல்ல என்பதுதான் பிரித்தானிய சுகாதார சேவையின் நிலைப்பாடு. இக்கட்டுரை ஏற்கனவே வீட்டில் இருக்கும் கருவியைப் பற்றியது.

உள்ளே என்ன இருக்கிறது?

கருவியைப் பிரித்தால் நான்கு பகுதிகள். கீழே பற்றரி. அதன்மேல் திரவம் நிற்கும் தாங்கி. சிறிய கருவிகளில் இதை பொட் என்கிறார்கள். தாங்கிக்குள் கொயில்: பஞ்சுத் திரியைச் சுற்றிய ஒரு சின்ன உலோகக் கம்பி அல்லது வலை. மேலே வாய்முனை. இவற்றுக்கு இடையே திரவம் ஒழுகாமல் பிடிக்கும் இறப்பர் வளையங்கள்.

எங்கள் ஊர்க் குப்பிவிளக்கை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் பஞ்சு திரவத்தை உறிஞ்சுகிறது. கம்பி சூடாகி அதை ஆவியாக்குகிறது. திரி காய்ந்தால் விளக்கில் திரியே கருகும், இங்கேயும் அப்படித்தான். பஞ்சு கருகும்போது போர்மல்டிகைட் போன்ற நச்சுப் பொருட்கள் கூடுதலாக உண்டாகின்றன. தொண்டையைக் கடிக்கும் கருகல் சுவை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பது இதனால்தான்.

திரவத்தில் இருப்பவை புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரீன், சுவையூட்டி, பெரும்பாலும் நிக்கொட்டின். கிளைக்கோலும் கிளிசரீனும் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும். இனிப்பூட்டி சேர்த்த திரவங்கள்தான் கம்பியில் சீனிப்பாகு கருகியதுபோல் கறுப்பாகப் படிகின்றன. இனிப்பு கூடக்கூட கொயிலின் ஆயுள் குறையும்.

நிக்கொட்டின் கணக்கு

பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சட்டம் ஒன்றுபோலவே இருக்கிறது. தாங்கி 2 மில்லிலீற்றருக்கு மேல் கொள்ளக்கூடாது. நிக்கொட்டின் திரவப் போத்தல் 10 மில்லிலீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. நிக்கொட்டின் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கனடாவிலும் 2021 முதல் இதே 20 மில்லிகிராம் எல்லைதான்.

இதைக் கூட்டிப் பார்த்தால், கூடிய செறிவுள்ள ஒரு சின்னப் போத்தலில் 200 மில்லிகிராம் நிக்கொட்டின். நிரம்பிய தாங்கியில் 40 மில்லிகிராம். ஒரு சிகரெட்டைப் புகைப்பவரின் உடலுக்குள் போவது ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. சின்னப் பிள்ளைக்கு ஒரு மிடறு போதும், ஆபத்து வர. நிக்கொட்டின் தோலினூடாகவும் உடலுக்குள் போகும். அந்தத் தேத்தண்ணிக் கோப்பை எங்களை ஏன் அவ்வளவு நடுங்க வைத்தது என்பது இப்போது விளங்கும்.

கழுவும் முறை

முதலில் இடமும் பாத்திரமும். குசினிச் சிங்கில் வேண்டாம், குளியலறையில் செய்யுங்கள். சமையலுக்கோ சாப்பாட்டுக்கோ எடுக்கும் எந்தப் பாத்திரத்தையும் இதற்குத் தொடக்கூடாது. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியை இதற்கென்றே வைத்து, அதன்மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பாத்திரம் கழுவும் பஞ்சும் வேண்டாம். பாவிக்காத மெல்லிய பல்துலக்கி ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள்.

ஒன்று: கருவியை நிறுத்திவிட்டு பற்றரியிலிருந்து தாங்கியைக் கழற்றுங்கள். பற்றரிப் பகுதி எந்தக் காரணம் கொண்டும் தண்ணீருக்குக் கிட்டப் போகக்கூடாது. ஓடும் குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவியவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு: தாங்கியில் மிஞ்சிய திரவத்தை ரிசுக் கடுதாசியில் ஒற்றி எடுத்து, பையில் கட்டி, பிள்ளைகள் திறக்க முடியாத குப்பைத் தொட்டியில் போடுங்கள். சிங்கில் ஊற்றாதீர்கள்.

மூன்று: பிரிக்கக்கூடிய பகுதிகளைப் பிரியுங்கள். எது எதற்குப் பிறகு வந்தது என்பதைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் திரும்பப் பூட்டும்போது தலையிடி இல்லை. கொயிலைக் கழற்றிப் புறம்பாக வையுங்கள்.

நான்கு: கண்ணாடி, உலோகப் பகுதிகள், வாய்முனை, வளையங்கள் ஆகியவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில், இரண்டு துளி சவர்க்காரத்துடன் 10 முதல் 15 நிமிடம் ஊறவிடுங்கள். கொதிநீர் வளையங்களையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். ஊறும் நேரம் முழுவதும் பெட்டியின் மூடி மூடியிருக்க வேண்டும்; நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஐந்து: பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, சவர்க்காரம் போகும்வரை அலசுங்கள். வாய்முனையின் துளையைப் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். வாயில் வைக்கும் பகுதி, அழுக்குச் சேருவதும் அங்கேதான்.

ஆறு: ரிசுக் கடுதாசியில் பரப்பி நன்றாகக் காயவிடுங்கள். இரவு கழுவிக் காலையில் பூட்டுவது நல்லது. உள்ளே ஈரம் நின்றால் திரவம் தெறிக்கும், பற்றரியின் தொடுமுனைக்கும் தண்ணீர் இறங்கும். காயும் இடமும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஏழு: பற்றரியின் மேலுள்ள உலோகத் தொடுமுனையைக் காய்ந்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பிசின்போல் ஒட்டியிருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் அல்ககோலில் குச்சியின் நுனியை மட்டும் நனைத்துத் துடைத்து, முழுதாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். அல்ககோலைப் பிளாஸ்டிக் தாங்கியில் பூச வேண்டாம், வெடிப்பு வரும். கறுவா, தேசிக்காய் வகைச் சுவையுள்ள சில திரவங்களும் சிலவகைப் பிளாஸ்டிக்கை வெடிக்க வைப்பவை.

இந்த முழு வேலையும் வாரத்துக்கு ஒருமுறை, அல்லது கொயில் மாற்றும்போது செய்தால் போதும். பொட்டின் அடியில் வியர்த்ததுபோல் நிற்கும் ஈரத்தை மட்டும் தினமும் துடைத்துவிடுங்கள்.

எண்ணெய் வேண்டாம்

வளையம் இறுகிப் பூட்டக் கஷ்டமாக இருந்தபோது மாமா செய்தது, நல்லெண்ணெய் ஒரு துளி பூசியது. தையல் மெசினுக்கும் கதவுக் கீலுக்கும் எண்ணெய் விட்டுப் பழகிய கை அது. இங்கே அது பெரிய பிழை. சூடாகி ஆவியோடு போகும் எண்ணெய் நுரையீரலில் படிந்தால் கடுமையான அழற்சி வரலாம். 2019 இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களிடையே பரவிய நுரையீரல் நோய்க்கு, கஞ்சாச் சத்துள்ள திரவங்களில் கலந்த விற்றமின் ஈ அசிற்றேற் என்ற எண்ணெய்ப் பொருளோடு வலுவான தொடர்பு கண்டறியப்பட்டது. வளையத்தை வழுக்க வைக்க, நிரப்பும் திரவத்திலேயே ஒரு துளி தொட்டால் போதும். தடிமன் பிடித்திருக்கிறது என்று யூக்கலிப்ரஸ் தைலத்தைக் கலப்பதையும் மறந்துவிடுங்கள்.

கொயிலைக் கழுவலாமா?

சிக்கனமாக வாழ்ந்து பழகிய நாங்கள் எதையும் இலகுவில் எறியமாட்டோம். ஆனால் கடையில் செய்து வரும் கொயிலில் பஞ்சு உள்ளேயே அடைபட்டிருக்கிறது. தண்ணீரில் அலசினால் சுவை கொஞ்சம் திரும்பும். கருகிய பஞ்சு திரும்பாது. நெருப்பில் காட்டியோ வெறுமையாகச் சூடாக்கியோ எரித்து எடுக்கப் பார்க்கக்கூடாது. கருகல் சுவை, களகளவென்ற சத்தம், ஒழுகல், திரவம் கெதியாகக் கறுத்தல் ஆகியவை மாற்றும் நேரம் வந்துவிட்டதைக் காட்டும். சாதாரணமாக ஒன்று முதல் மூன்று வாரம்வரை ஒரு கொயில் போகும்.

புதிய கொயிலைப் பூட்டினால் தாங்கியை நிரப்பி 10 நிமிடம் பொறுத்திருங்கள். பஞ்சு நனையாமல் முதல் இழுவை இழுத்தால் புதுக் கொயிலே கருகிவிடும். கொயிலில் எத்தனை வாற்று என்று அச்சிட்டிருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

பற்றரி

இதிலுள்ள லித்தியம் பற்றரி தீப்பிடிக்கக் கூடியது. கட்டிலிலோ சோபாவிலோ தலையணைக்குப் பக்கத்திலோ சார்ஜில் போடாதீர்கள். எல்லோரும் நித்திரை கொள்ளும் நேரத்திலும் வேண்டாம். கருவியோடு வந்த வயரையும் கைநூலில் சொல்லியுள்ள சார்ஜரையும் பாவியுங்கள். கழற்றக்கூடிய பற்றரியானால் அதன் மேலுறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்ததைப் பாவிக்கவே கூடாது. உதிரிப் பற்றரியைத் திறப்பு, சில்லறைக் காசு உள்ள பையில் போட்டால் அவை முனைகளைத் தொட்டு நெருப்புப் பற்றும். அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.

பழுதானதை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். குப்பை லொறிகளில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. பிரித்தானியாவில் வேப் விற்கும் கடைகள் பழையதைத் திரும்ப எடுக்க வேண்டும். உள்ளூராட்சி மறுசுழற்சி நிலையங்களிலும் கொடுக்கலாம்.

பயணம் போகும்போது கருவியும் பற்றரியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது. ஊருக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். சிங்கப்பூரில் இதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் 2019 சட்டம் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்கிறது. இலங்கையிலும் விற்பனைக்குத் தடை உண்டு. போகும் பயணத்துக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போவதே நிம்மதி.

பிள்ளை குடித்துவிட்டால்

வாந்தி, வாயூறுதல், முகம் வெளிறுதல், சோர்வு, நடுக்கம் ஆகியவை நிக்கொட்டின் நஞ்சின் அறிகுறிகள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே உதவி கேளுங்கள். அவசரத்துக்குப் பிரித்தானியாவில் 999, ஐரோப்பிய நாடுகளில் 112, கனடாவில் 911. வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். தோலில் பட்டால் சவர்க்காரமும் தண்ணீரும். கண்ணில் பட்டால் தண்ணீரால் தொடர்ந்து கழுவுங்கள். போத்தலையும் கையோடு கொண்டு போங்கள், செறிவு அதில்தான் எழுதியிருக்கும்.

மறைப்பதில் உள்ள ஆபத்து

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் இருந்து கதைத்தோம். மாமா முதலில் தலை நிமிரவில்லை. பிறகுதான் சொன்னார், மருமக்கள் பார்ப்பார்கள் என்று போத்தல்களைக் குளிர்காலச் சப்பாத்துக்குள்ளும் மேலங்கிப் பைக்குள்ளும் ஒளித்து வைத்ததாக. சப்பாத்துப் பெட்டி நிலத்தில் இருந்தது. பேத்தி விளையாடுவதும் அங்கேதான்.

எங்கள் வீடுகளில் பெரியவர்களின் புகைப்பழக்கம் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். தெரியாததுபோல் இருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒளித்து வைக்கும் பொருளுக்குப் பூட்டு இருக்காது, கழுவ ஒரு பெட்டி இருக்காது, பிழை செய்தால் சொல்லித்தர ஆள் இருக்காது.

இப்போது எங்கள் வீட்டில் உயரத்தில் ஒரு பூட்டுள்ள அலுமாரி இருக்கிறது. போத்தல், கொயில், கழுவும் பெட்டி எல்லாம் அதற்குள். மாமா ஞாயிறு இரவுகளில் பிள்ளைகள் நித்திரையான பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கழுவுகிறார். போன மாதம் நிக்கொட்டின் செறிவை 12 இலிருந்து 6 மில்லிகிராமுக்குக் குறைத்துவிட்டதாகத் தானாகவே வந்து சொன்னார். அடுத்தது பூச்சியம் என்கிறார். அந்த நாளில் அலுமாரியையே காலி பண்ணித் தருவதாகப் பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். அவள் அதில் பொம்மை வைக்கப் போகிறாளாம்.